ஆயிரம் யானையும் தொண்ணூற்றேழு டாங்கியும்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

என்னிடம் ஏழாம் வகுப்பு படித்த ஒரு தம்பி (இப்போது அவருடைய மகனே கல்லூரிக்குப் போகிறான்) வாட்ஸ்அப்பில் ஓர் அட்டவணை அனுப்பியிருந்தார். உலக நாடுகளின் போர் டாங்கிகள் வரிசையாக இருந்தன. எடை, பீரங்கிக் குழாயின் விட்டம், வேகம், உள்ளே எத்தனை ஆட்கள், கடைசிக் கட்டத்தில் 'போரில் இழப்பு'. ரஷ்ய டி-72க்கு நேரே ஆயிரக்கணக்கில் ஓர் எண். நம் அர்ஜுனுக்கு நேரே பூஜ்யம். கீழே ஒரு கேள்வி: "சார், அப்ப நம்மளுதுதானே சார் பெஸ்ட்டு?"

ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் நான் இடைநிலை ஆசிரியன். கணக்கு, அறிவியல், வரலாறு எல்லாவற்றுக்கும் ஒரே ஆள். முப்பது வருஷத்துக்கு மேல் கரும்பலகையில் பின்னம் போட்டுப் பழகிய கை. அந்தக் கடைசிக் கட்டத்தைப் பார்த்ததும் தோன்றியது இதுதான்: மேலே தொகுதி இருக்கிறது, கீழே பகுதி எங்கே? மூவாயிரம் என்றால் எத்தனையில் மூவாயிரம்? எண்ணியது யார்? 'இழப்பு' என்று எதைச் சொல்கிறார்கள்?

போர்க்களத்தில் எண்ணிக்கை சொல்லும் பழக்கம் நமக்குப் புதிதல்ல. ஆயிரம் யானைகளை வென்ற வீரன்மேல் பாடுவது பரணி என்பது பாட்டியல் நூல்கள் சொல்லும் இலக்கணம். கலிங்கப் போரில் வென்ற கருணாகரத் தொண்டைமானின் யானைக் கணக்கு சரியாக ஆயிரமா, தொள்ளாயிரத்துத் தொண்ணூறா என்று செயங்கொண்டாரிடம் போய் யாரும் கேட்கவில்லை. ஆயிரம் என்பது எண்ணல்ல, விருது.

நம்மூரிலேயே இதற்குச் சான்று உண்டு. நம் பேரூராட்சியின் பெயர் ச.கண்ணனூர். பதிமூன்றாம் நூற்றாண்டில் போசளர்கள் தமிழகத்தில் வைத்திருந்த தலைநகரம் இந்தக் கண்ணனூர். இன்று போஜீஸ்வரர் என்று நாம் கும்பிடும் சாமியின் பழைய பெயர் போசளேசுவரர். சடையவர்ம சுந்தர பாண்டியன் இந்தக் கண்ணனூர்க் கொப்பத்தை முற்றுகையிட்டுப் பிடித்தபோது யானைகளையும் குதிரைகளையும் பொருளையும் கைப்பற்றியதாக அவன் மெய்க்கீர்த்தி பெருமையாகச் சொல்கிறது. கல்லில் வெட்டியவன் வென்றவன் என்பதை மறக்காமல் படித்தால் போதும். (1752இல் கிளைவ் சமயபுரத்தில் முகாம் போட்டு உயிர் தப்பிய கதை வேறு. அதற்குத் தனிப் பதிவு எழுதுகிறேன்.)

அந்தக் காலத்து யானை இருந்த இடத்தில் இப்போது டாங்கி. முதன்முதலாக அது களத்துக்கு வந்தது 1916 செப்டம்பர் 15, பிரான்சில் சோம் போர்க்களத்தில். ரகசியம் காக்க, தண்ணீர்த் தொட்டி செய்கிறோம் என்று ஆங்கிலேயர் சொல்லி வைத்ததால் அதற்கு 'டேங்க்' என்றே பெயர் நின்றுவிட்டது. அன்று ஒதுக்கப்பட்டவை 49. புறப்பட வேண்டிய இடத்துக்கு வந்து சேர்ந்தவை 32. மிச்சம் பதினேழும் எதிரியைப் பார்ப்பதற்கு முன்பே பழுதாகியும் சேற்றில் சிக்கியும் நின்றுவிட்டன. பிறந்த அன்றைக்கே இழப்புக் கணக்கில் குழப்பம்!

உக்ரைன் போரில் 'ஓரிக்ஸ்' என்று ஓர் இணையக் குழு படங்களை வைத்துக் கணக்கு எடுக்கிறது. ஒவ்வொரு டாங்கியையும் நான்கு பெட்டிகளில் ஒன்றில் போடுகிறார்கள்: அழிந்தது, சேதமடைந்தது, கைவிடப்பட்டது, கைப்பற்றப்பட்டது. இந்த நான்கும் ஒன்றல்ல. அழிந்தது திரும்பி வராது. சேதமடைந்தது, களம் உங்கள் கையில் இருந்தால், ராத்திரியோடு ராத்திரியாக இழுத்து வந்து சங்கிலியை மாற்றினால் மறுநாளே ஓடும். களம் எதிரியிடம் போனால் அதே வண்டி நிரந்தர இழப்பு. கைவிட்டது பெரும்பாலும் டீசல் தீர்ந்தோ, சேற்றில் புதைந்தோ, உள்ளே இருந்தவர்கள் பயந்தோ விட்டுப் போனது. கைப்பற்றியது இரண்டு பேர் கணக்கிலும் ஏறும், ஒருவருக்குக் கழித்தல், மற்றவருக்குக் கூட்டல். 1993 நவம்பரில் பூநகரி முகாம் தாக்குதலில் இலங்கை ராணுவத்தின் டி-55 புலிகள் கைக்குப் போனது அப்படித்தான்.

ஆக, களத்தில் கடைசியில் யார் நிற்கிறாரோ அவருடைய இழப்பு குறைவாகவும், விட்டுப் போனவருடையது அதிகமாகவும் தெரியும். டாங்கியின் தரத்துக்கும் இதற்கும் பாதிச் சம்பந்தம்கூட இல்லாமல் போகலாம். இதைப் புரிந்துகொள்ள நம் நாட்டுக் களம் ஒன்றே போதும்.

1965 செப்டம்பர் 8 முதல் 10 வரை. பஞ்சாபில் கேம்கரண் பக்கம் அசல் உத்தர் என்ற கிராமம். 'சரியான பதில்' என்றும் பொருள் வருகிற பெயர்.

பாகிஸ்தானின் 1ஆவது கவசப் படைப் பிரிவு அமெரிக்கா கொடுத்த பேட்டன் டாங்கிகளோடு உள்ளே வந்தது. அட்டவணை போட்டால் பேட்டன்தான் முதல் ரேங்க். 45 டன்னைச் சுற்றி எடை, 90 மி.மீ. பீரங்கி, மணிக்கு ஏறத்தாழ 48 கி.மீ. வேகம், தூரம் அளக்க அன்றைய நிலையில் நவீனமான கருவி. நம் பக்கம் பிரிகேடியர் தாமஸ் தியோகராஜின் 2ஆவது தனிக் கவசப் படையில் மூன்று ரகம். 3ஆவது கேவல்ரியிடம் 84 மி.மீ. பீரங்கியோடு ஆங்கிலேயரின் செஞ்சூரியன், வேகம் 35 கி.மீ.கூட வராது. டெக்கான் ஹார்ஸிடம் இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஷெர்மன். 8ஆவது லைட் கேவல்ரியிடம் 15 டன் எடையுள்ள பிரெஞ்சு ஏ.எம்.எக்ஸ்-13, சொல்லப்போனால் பேட்டன் முன்னால் அது பொம்மை. குழாய் விட்டத்தில் மூன்றுமே பேட்டனைவிடச் சிறியவை.

முதல் அடியில் நம் 4ஆவது மலைப் பிரிவு பின்வாங்கத்தான் செய்தது. மேஜர் ஜெனரல் குர்பக்ஷ் சிங் படையை அசல் உத்தர் பக்கம் குதிரை லாட வடிவத்தில் நிறுத்தினார். ஆளுயரத்துக்கு மேல் நின்ற கரும்பு. கரும்புக்குள் டாங்கிகள் ஒளிந்தன. கால்வாயை உடைத்துவிட்டு வயல்களில் தண்ணீர் பாய்ச்சினார்கள். காவிரிப் பாசனத்துக்காரர்களுக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை. நாற்று நடப் பாய்ச்சிய வயலில் 45 டன் வண்டி இறங்கினால் என்ன ஆகும்?

அதுதான் ஆனது. வேகம் என்ற கட்டத்தில் 48 என்று போட்ட வண்டி முழங்கால் சேற்றில் உறுமிக்கொண்டு நின்றது. நம்மவர்கள் அது கிட்டே வரும்வரை சுடாமல் காத்திருந்து பக்கவாட்டில் அடித்தார்கள். டாங்கிக்கு முன்பக்கம் கவசம் தடிப்பு, பக்கமும் பின்னும் மெலிசு. எந்த நாட்டு டாங்கியானாலும் இது பொது. பேட்டனின் தூரம் அளக்கும் கருவிக்கு நல்ல பயிற்சி வேண்டும், திறந்தவெளி வேண்டும். கரும்புக்குள் சில நூறு மீட்டரில் நடக்கிற சண்டையில் அதற்கு வேலையே இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே, கூட வந்து கரும்பைத் துழாவ வேண்டிய காலாட்படை போதுமான அளவு டாங்கிகளோடு வரவில்லை.

இந்த இடத்தில்தான் உத்தரப் பிரதேசத்துக் காஜிப்பூர் மாவட்டத்துக்காரரான ஹவில்தார் அப்துல் ஹமீது வருகிறார். 4ஆவது கிரனேடியர்ஸ். அவரிடம் டாங்கி இல்லை. ஒரு ஜீப், அதன்மேல் 106 மி.மீ. பின்னுதைப்பற்ற பீரங்கி. அதைச் சுட்டால் பின்பக்கம் நெருப்பும் புழுதியும் கிளம்பி இருக்கிற இடத்தைக் காட்டிக் கொடுத்துவிடும். ஒரு குண்டு, உடனே இடம் மாற்றம், மறுபடி ஒரு குண்டு. இப்படியே டாங்கிகளை அடித்துக்கொண்டே போனவர் 10ஆம் தேதி நேருக்கு நேர் ஒரு டாங்கியோடு மோதியதில் இறந்தார். பரம்வீர் சக்ரா. அவர் அடித்தவை நான்கு என்பார்கள், ஏழு என்பார்கள், எட்டு என்பாரும் உண்டு. மூன்றில் எதுவானாலும் ஜீப்பில் நின்று அடித்தது, அவ்வளவுதான் நான் சொல்வேன்.

மூன்று நாளில் பாகிஸ்தான் இழந்தவை 97 என்பது இந்தியத் தரப்புக் கணக்கு. அதில் நல்ல நிலையில் கிடைத்தவை பல. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க விட்டுப் போனவையும் உண்டு என்பார்கள். பிடிபட்ட பேட்டன்களை வரிசையாக நிறுத்தி வைத்த இடத்துக்குப் பேட்டன் நகர் என்றே பெயர். பின்னர் நாட்டின் பல ஊர்களுக்கும் கண்டோன்மென்டுகளுக்கும் அவற்றைப் பரிசாக அனுப்பினார்கள். சுந்தர பாண்டியன் கைப்பற்றிய யானைகளை ஊர்வலம் விட்ட மாதிரிதான்.

இதற்குப் பல வருடம் கழித்தும் "பேட்டன் பெட்ரோல் வண்டி, அதனால்தான் பற்றி எரிந்தது" என்று டீக்கடையில் விளக்கம் சொல்வார்கள். நம் செஞ்சூரியனும் பெட்ரோல் வண்டிதான்.

சரி, இதே செப்டம்பரில் வடக்கே சியால்கோட் பக்கம் என்ன நடந்தது? அங்கே உள்ளே புகுந்தது நாம். நம் 1ஆவது கவசப் பிரிவு அதே செஞ்சூரியனோடு போனது, தடுத்து நின்றது அதே பேட்டன். பில்லோராவில் ஜெயித்தோம், சாவிண்டாவைப் பிடிக்க முடியவில்லை. பூனா ஹார்ஸ் படையை நடத்திய லெப்டினன்ட் கர்னல் தாராபூர் அங்கே உயிர் கொடுத்தார். அவருக்கும் பரம்வீர் சக்ரா. ஒரே மாதம், ஒரே இரண்டு டாங்கிகள். தெற்கே வந்தவன் மாட்டினான், வடக்கே போன நம் கை ஓங்கவில்லை. டாங்கி மாறவில்லை, வேடம் மாறியது. ஒளிந்திருந்து காத்திருப்பவனுக்கும் திறந்த வெளியில் வருபவனுக்கும் உள்ள வித்தியாசம் அட்டவணையில் எந்தக் கட்டத்திலும் வராது.

1965 போர் முழுவதற்கும் பாகிஸ்தான் இழந்தவை 471 என்று இந்தியத் தரப்பில் ஓர் எண் புழங்குகிறது. வெளிநாட்டு ஆய்வாளர்கள் சொல்வது சுமார் 200. நம் இழப்பை அவர்கள் 150 முதல் 190 வரை வைக்கிறார்கள். யாரும் பொய் சொல்ல வேண்டியதே இல்லை, இந்த வித்தியாசம் தானாக வரும். ஒரு டாங்கி. காலையில் ஜீப் பீரங்கி அதன் சங்கிலியை அறுக்கிறது, ஒன்று. மத்தியானம் நம் டாங்கி அதே வண்டியைப் பக்கவாட்டில் அடிக்கிறது, இரண்டு. சாயங்காலம் விமானப்படை மேலிருந்து நின்றிருக்கும் வண்டியைப் பார்த்து ராக்கெட் விடுகிறது, மூன்று. மூன்று படைகளும் ராத்திரி நேர்மையாக அறிக்கை எழுதுகின்றன. மூன்று வண்டி!

1971 டிசம்பரில் எனக்குப் பன்னிரண்டு வயது. பஞ்சாயத்து ரேடியோவுக்குக் கீழே பெரியவர்கள் கூடி நின்று செய்தி கேட்பார்கள். எத்தனை டாங்கி என்ற எண் வந்தால் கைதட்டுவோம். அந்த டாங்கிகளுக்குள் ஆட்கள் இருந்தார்கள் என்பதெல்லாம் அப்போது உறைக்கவில்லை.

அந்த வருடம் லோங்கேவாலாவில் பாகிஸ்தான் 30க்கு மேல் டாங்கிகளை இழந்தது. அங்கே டாங்கியை டாங்கி அடிக்கவேயில்லை. மணலில் திணறிக்கொண்டிருந்தவற்றை விடிந்ததும் ஜெய்சல்மரிலிருந்து வந்த ஹண்டர் விமானங்கள் பார்த்துக்கொண்டன. மேஜர் சாந்த்புரியும் சுமார் 120 பேரும் ராத்திரி முழுக்கத் தாக்குப்பிடித்ததுதான் அந்த வெற்றியின் வேர்.

பசந்தர் ஆற்றங்கரைதான் டாங்கிக்கு டாங்கி நின்ற களம். டிசம்பர் 16. பூனா ஹார்ஸில் இரண்டாம் லெப்டினன்ட் அருண் கேத்ரபால், வயது 21, படையில் சேர்ந்து ஆறு மாதம். அவர் செஞ்சூரியனுக்குப் 'ஃபாமகுஸ்டா' என்று பெயர். எதிரே 13ஆவது லான்சர்ஸின் பேட்டன்கள். வண்டி அடிபட்டுத் தீப்பிடித்த நிலையில் திரும்பி வரச் சொல்லி வயர்லெஸ்ஸில் உத்தரவு வந்தது. பீரங்கி இன்னும் வேலை செய்கிறது என்று சொல்லி அவர் வரவில்லை. கடைசியாக வந்த குண்டு அவரைக் கொன்றது. டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்ததும் அதே நாள்தான்.

கணக்கில் அன்றைக்கு நமக்கு அது சின்ன இழப்பு. எதிரி இழந்த டாங்கிகள் நாற்பதுக்கு மேல் என்பது நம் தரப்பு எண். ஃபாமகுஸ்டா 'சேதமடைந்தது' பெட்டியில்தான் வரும். அதைப் பின்னர் மீட்டுவந்தார்கள், இன்றும் அகமதுநகரில் பார்வைக்கு இருக்கிறது. வண்டி திரும்பி வந்தது.

முப்பது வருடம் கழித்து, 2001இல், அருணின் தந்தை பிரிகேடியர் எம்.எல். கேத்ரபால் தாம் பிறந்த சர்கோதா பக்கத்து ஊரைப் பார்க்கப் பாகிஸ்தான் போனார். அப்போது வயது 81. லாகூரில் அவரை வீட்டில் தங்கவைத்து உபசரித்தவர் ஓய்வுபெற்ற பிரிகேடியர் கவாஜா முகமது நாசர். விடைபெறுவதற்கு முந்தைய ராத்திரி நாசர் அவரிடம் சொன்னார், பசந்தரில் உங்கள் மகனைச் சுட்ட டாங்கி என்னுடையது என்று. என் வயதில் இதைப் படிக்கும்போது நாசர் அதைச் சொல்ல எவ்வளவு நாள் தவித்திருப்பார் என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது.

டாங்கி தனியாகப் போனால் என்ன ஆகும் என்பதை அசல் உத்தரிலேயே பார்த்தோம். செங்கல்பட்டில் பிறந்த ஜெனரல் கே. சுந்தர்ஜி காலாட்படையையும் கவச வண்டியில் ஏற்றி டாங்கியோடு கூடவே ஓடவிட வேண்டும் என்பதற்காகப் பாடுபட்டவர். நம் இயந்திரக் காலாட்படை அமைந்ததில் அவர் பங்கு பெரிது. ரஷ்யர்களுக்கு இந்தப் பாடம் தெரியாமல் இல்லை. தெரிந்தும் 1994 டிசம்பர் 31 அன்று செச்சென்யாவின் குரோஸ்னி நகரத் தெருக்களுக்குள் டாங்கிகளை விட்டார்கள். மாடிகளிலிருந்தும் அடித்தள ஜன்னல்களிலிருந்தும் ராக்கெட். மாய்கோப் படைப்பிரிவின் 26 டாங்கிகளில் 20 போயின. இங்கே பாருங்கள், 26இல் 20. தொகுதியும் பகுதியும் சேர்ந்து வரும்போதுதான் எண் பேசுகிறது.

இனி நம் திருச்சிக்கு வருகிறேன். டாங்கி என்றால் எல்லோரும் ஆவடி என்பார்கள். சரிதான். 1965இல் விஜயந்தா ஆவடியிலிருந்து வெளிவரத் தொடங்கியது. பிறகு டி-72, டி-90, அர்ஜுன் எல்லாம் அங்கேதான். ஆனால் டாங்கியைத் துளைக்கிற பொருள் நம்மூரில் செய்யப்படுகிறது என்பது இங்கேயே பலருக்குத் தெரியாது. துப்பாக்கித் தொழிற்சாலையை எல்லோருக்கும் தெரியும். ஹெச்.ஏ.பி.பி. என்று பஸ் பலகையில் படித்திருப்பீர்கள், கன உலோகத் துளைப்பான் திட்டம் என்று பொருள்.

டாங்கிக் குண்டு என்றதும் உள்ளே வெடிமருந்து இருக்கும் என்றுதானே நினைப்போம்? இதில் வெடிப்பது எதுவும் இல்லை. நீளமான ஓர் உலோகக் கம்பி, பின்னால் அம்புக்கு இருப்பது போல் சிறகு. குழாயைவிடக் கம்பி மெலிசு என்பதால் சுற்றிலும் ஒரு லேசான உறை. குழாயை விட்டு வெளியே வந்ததும் உறை கழன்று விழும், கம்பி மட்டும் போகும். வினாடிக்கு ஏறத்தாழ 1,700 மீட்டர்.

கம்பி டங்ஸ்டனால் ஆனது. இரும்பின் அடர்த்தி 7.8, ஈயம் 11.3, டங்ஸ்டன் 19.3. உருகுநிலை 3,400 டிகிரிக்கு மேல். இதை இரும்பு மாதிரி உருக்கி அச்சில் ஊற்றுவது நடக்காத காரியம். அதனால் பொடியாக எடுத்து, நிக்கல் இரும்புப் பொடி கொஞ்சம் சேர்த்து, அழுத்தி, உலையில் வைக்கிறார்கள். நிக்கலும் இரும்பும் உருகி டங்ஸ்டன் துகள்களைச் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். நம் வீட்டுக் கடலை உருண்டைதான். கடலை உருகாது, வெல்லப் பாகு பிடித்துக்கொள்கிறது.

எட்டாம் வகுப்புக் கணக்கு ஒன்று போடுவோம். கம்பி 4 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அரை பெருக்கல் நிறை பெருக்கல் வேகத்தின் வர்க்கம். வருவது 57 லட்சம் ஜூலுக்குக் கொஞ்சம் மேலே. சமயபுரம் டோல்கேட்டைத் தாண்டி 10 டன் பஸ் ஒன்று மணிக்கு 120 கி.மீ. வேகத்தில் போனால் அதனிடம் இருக்கும் ஆற்றலும் ஏறக்குறைய இவ்வளவுதான். அந்த பஸ்ஸின் மொத்த மோதலும் ஒரு ரூபாய்க் காசு அளவு இடத்தில் விழுந்தால்? அதுதான் அந்தக் கம்பி.

1991 வளைகுடாப் போரில் இராக்கின் டி-72கள் அமெரிக்க ஆப்ரம்ஸ் முன்னால் ஏன் அப்படி விழுந்தன என்பதற்கு இதில் பாதி விடை இருக்கிறது. பிப்ரவரி 26, புழுதிக் காற்று. கேப்டன் மெக்மாஸ்டரின் படை 23 நிமிடத்தில் 28 டாங்கிகளை அடித்தது என்பது அமெரிக்கக் கணக்கு, தங்கள் பக்கம் ஒன்றும் போகவில்லை என்கிறார்கள். அமெரிக்கர்களிடம் புழுதியிலும் சூட்டை வைத்துப் பார்க்கும் கருவி இருந்தது, கனமான யுரேனியக் கம்பி இருந்தது. இராக்கியரிடம் இருந்தது பழைய எஃகுக் குண்டுகள். வண்டியைக் குறை சொல்லுமுன் அதற்குள் என்ன போட்டுக் கொடுத்தார்கள் என்று பார்க்க வேண்டும்.

ஆனால் டி-72இன் உடம்பிலேயே ஒரு குறை உண்டு, அதை மறைக்கக் கூடாது. குண்டை ஏற்றும் ஆள் இல்லாமல் இயந்திரமே ஏற்றுகிறது. அதனால் ஆள் மூன்றே பேர், வண்டியும் சின்னது, லேசானது. அதற்கு விலையாக, குண்டுகள் மேற்கூண்டுக்கு அடியில் வட்டமாக அடுக்கப்பட்டிருக்கும். மூன்று பேரும் கிட்டத்தட்ட அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். கவசத்தைத் துளைத்து அங்கே தீ போனால் மேற்கூண்டு பிய்த்துக்கொண்டு பறக்கும். உக்ரைனில் வயல் வெளியில் கூண்டு தனியாகக் குப்புறக் கிடக்கும் படங்கள் அதுதான். ஆவடியிலிருந்து போகும் டி-72, டி-90 இரண்டும் அதே குடும்பம் என்பதால் நமக்கு இது தூரத்துச் செய்தி இல்லை.

இருந்தாலும், தம்பியின் அட்டவணையில் டி-72க்கு நேரே அவ்வளவு பெரிய எண் வந்ததற்குக் காரணம் இது மட்டுமல்ல. அந்த ரகத்தில் உலகில் செய்தவை சுமார் 25,000. எந்தச் சண்டையிலும் அதுதான் இரண்டு பக்கமும் நிற்கிறது. உக்ரைனில் ரஷ்யா இழந்த டாங்கிகள் எல்லா ரகமும் சேர்த்து ஓரிக்ஸ் படக் கணக்கிலேயே 3,000ஐத் தாண்டிவிட்டன. பிரிட்டன் உக்ரைனுக்குக் கொடுத்த சாலஞ்சர்-2 மொத்தமே 14. அதன் இழப்பு எண் பதினான்கைத் தாண்டவே முடியாது. அமெரிக்கா முதலில் கொடுத்த ஆப்ரம்ஸ் 31. அதில் பாதிக்கு மேல் இழப்புப் பட்டியலில் ஏறிவிட்டன. 1991இல் புழுதிக்குள் இருந்து ஒன்றுகூடப் போகாமல் வந்த அதே குடும்பத்து வண்டி! இந்த முறை எதிரே இருந்தது டாங்கிகூட இல்லை பல நேரங்களில். ஒரு நல்ல செல்போன் விலைக்குள் அடங்குகிற, வெடிகுண்டு கட்டிய சின்ன ட்ரோன். முன்பக்கக் கவசம் எத்தனை தடிப்பானால் என்ன, அது மேலே இருந்து வருகிறது. டாங்கிமேல் கம்பிவலைக் கூரை போட்டு ஓட்டுகிறார்கள் இப்போது, நம்மூரில் கோழிக்குக் கூண்டு போடுகிற மாதிரி.

அர்ஜுனுக்கு வருவோம். ஆவடி ஆய்வுக்கூடம் வடிவமைத்தது. 120 மி.மீ. பீரங்கி, நான்கு ஆட்கள், குண்டுகளை ஆட்களிடமிருந்து தடுத்து வைத்து, வெடித்தாலும் மேல்நோக்கிப் போகிற மாதிரி அமைத்த அறை. டி-72இன் அந்தக் குறை இதில் இல்லை, அது பெரிய விஷயம். 2010இல் ராஜஸ்தானில் டி-90ஓடு போட்டி வைத்துப் பார்த்தார்கள். நன்றாகவே செய்தது. முதலில் வாங்கிய 124க்கு மேல் இன்னொரு 124 கேட்டார்கள். 2021இல் மார்க்-1ஏ ரகத்தில் 118. எடைதான் தொல்லை, புது ரகம் 68 டன்னை ஒட்டி வருகிறது. பஞ்சாபின் பாலமும் கால்வாயும் அதைத் தாங்க வேண்டுமே.

அர்ஜுன் இதுவரை போருக்குப் போகவில்லை. தொகுதியும் பூஜ்யம், பகுதியும் பூஜ்யம். பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுக்கக் கூடாது என்று ஏழாம் வகுப்பிலேயே சொல்லியிருக்கிறேன், தம்பி.

தம்பிக்குப் பதிலாக நான் அனுப்பியது ஒரே ஒரு செய்தி. 2024 ஜூன் 28 இரவு, கிழக்கு லடாக்கில் பயிற்சி முடித்துத் திரும்பிக்கொண்டிருந்த நம் டி-72 ஒன்று ஷியோக் ஆற்றைக் கடக்கும்போது திடீரென்று நீர்மட்டம் ஏறி நடு ஆற்றில் சிக்கியது. மீட்கப் போனவர்களால் வேகத்தைத் தாண்டி அருகில் போக முடியவில்லை. உள்ளே இருந்த ஐந்து வீரர்களும் இறந்தார்கள். எதிரி யாரும் சுடவில்லை, ஆகவே 'போரில் இழப்பு' என்ற கட்டத்தில் அந்த வண்டி வராது. அந்த ஐந்து பேரையும் சேர்த்து எழுத இன்னொரு கட்டம் போட்டு அட்டவணையைத் திருப்பி அனுப்பச் சொல்லியிருக்கிறேன். இன்னும் வரவில்லை.